இரண்டு மேசை, ஒரு பட்டியல்

ஐப்பசி 9, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

ரத்ததானச் சங்கத்துக்கு இரண்டாவது கம்ப்யூட்டர் வந்து ஒரு மாதம். கொடையாளர் பட்டியல் போடும் மென்பொருளோ ஒருவருக்கென்று செய்தது; இருவர் திறந்தால் கடைசியாகச் சேமித்தது மட்டும் நிற்கும், மற்றது அழிந்துபோகும். தலைவர் அதை நெட்வொர்க்கில் பொதுவாக வைத்துவிட்டார். ஒரே உறையில் இரண்டு கத்தி. அதனால் ஒரு சட்டம்: பேப்பர் வெயிட் யார் மேசையில் இருக்கிறதோ அவர்தான் ஃபைலைத் திறக்கலாம். இன்று முழுக்க ஸ்டெல்லா அக்கா மேசையில்.

எனக்கு அரிமளம் முகாமில் சேர்ந்த முப்பது பெயர் பாக்கி. "செத்த பொறுடி, இந்தா முடிச்சிர்றேன்" என்றார். பொறுக்கவில்லை. மதியமே ஃபைலை என் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து, முப்பதையும் ஏற்றி, அக்கா வீட்டுக்குப் போனதும் நெட்வொர்க்கில் இருந்த ஃபைலின் மேலேயே போட்டுவிட்டேன். ஐந்தரை பஸ் கிடைத்தது. கெட்டிக்காரி!

வாங்க: கொசுவத்தி, ஊறுகாய்.

ஐப்பசி 11, வியாழன்
மழை விடவில்லை. பத்து மணிக்கு ஒருவர் போன். குன்றாண்டார்கோவில் பக்கம். மனைவிக்குப் பிரசவம், ரத்தப்போக்கு, ஓ நெகட்டிவ். "எப்புடியாச்சும் ஒரு ஆளச் சொல்லுங்க, சீக்கிரம்ங்க."

பட்டியலில் மூன்று பேர். ஒருவர் சிங்கப்பூரில். ஒருவர் போன மாதம்தான் கொடுத்தார். மீமிசல்காரர் நம்பர் சுவிட்ச் ஆஃப்.

"புது நம்பர் சொன்னாருல்ல! செவ்வாக்கெழம சாயந்தரம் நாந்தானே ஏத்துனேன்!" அக்கா பதறினார். பட்டியலில் பழையதுதான். அக்கா ஏற்றியதன் மேல் என் மதிய நகல்.

மீமிசலில் ஆள் மாற்றி ஆள் கேட்டு அவரைப் பிடிக்க மூன்று மணி நேரம். "வீட்லதாங்க இருக்கேன். இந்தா கெளம்பிட்டேன்."

அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அந்தப் பெண் உயிரோடு இல்லை. குழந்தை இருக்கிறது. பெண்.

ஐப்பசி 12, வெள்ளி
தூறல். "நாந்தான் சேவ் பண்ணாம போயிருக்கேன்" என்று அக்கா. கரண்ட் போனதில் அழிந்திருக்கும் என்று தலைவர். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குத் தைரியமும் மட்டு. நாளை சொல்ல வேண்டும்.

ஐப்பசி 14, ஞாயிறு
வெயில். அக்காவோடு அந்த வீட்டுக்கு. வழியில் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். பஸ்ஸில் கூட்டம்.

கணவர் குழந்தைக்குப் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, "என் தப்புத்தான் தம்பி, மன்னிச்சிருப்பா" என்று அழுதார்.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க, விடுங்க" என்றார் அவர்.

நான் அக்காவின் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.