ஒன்பதாம் பக்கத்துப் பாட்டு

டப்ளின்
14 மார்ச் 1988

அன்பு அக்கா நாப்லாவுக்கு,

நான் சுகம். நீயும் ஃபெஸ்டி அத்தானும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. சிங்கி இறால் பிடிக்கக் கூடு கட்டும் மாதம், உனக்குக் கை ஒழிந்திருக்காது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதோடு ஒரு பொட்டலம் வரும். தபால் படகில் நனையாதபடி மூன்று சுற்று பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன். உள்ளே நம் கேசட்! இனிஷ்கரா தீவின் கடல் பாட்டுகள் பதினாலு. நான் பாடியிருக்கிறேன், கீழே லேசாக பிடிலும் வாசித்திருக்கிறேன். பாட்டு வரிகளுக்குத் தனியாக ஒரு சின்னப் புத்தகம், நம் மொழியிலும் இங்கிலீஷிலும்.

ஒன்பதாம் பக்கத்தை முதலில் பார். அப்பாவின் பாட்டு. மதுக்கடையில் பாடும்போதெல்லாம் இரண்டாம் அடியில் தேவாலயக் கூரை என்பதற்குப் பதில் கலங்கரை விளக்கு என்று சொல்லிவிடுவாரே, நினைவிருக்கிறதா? குடித்தால் வரும் தடுமாற்றம். அதைத் திருத்தி, படகில் நமக்குச் சொல்லித் தந்தபடியே போட்டுவிட்டேன். வெளியீட்டு விழாவில் ஒரு பேராசிரியர் எழுந்து, "சுத்தமான பாடம் இப்பத்தான் நம்ம கைக்கு வந்திருக்கு"ன்னு சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தீவின் மீன்பிடி வாழ்க்கை இனி அழியாது என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

கடையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டு. என்ன சொன்னார்கள் என்று எழுது.

உன் தம்பி,
கோல்மன்


இனிஷ்கரா
29 மார்ச்

கோல்மனுக்கு,

பொட்டலம் வந்தது. நனையவில்லை. நனைந்து தொலைந்திருக்கலாம்.

அப்பா தடுமாறினாரா? இருபது வருஷமாக அந்த மனிதர் ஒரே அடியில், ஒரே வார்த்தையில், நாள் தவறாமல் தடுமாறினாரா? ஒரு நாளாவது கூரை என்று வாய் தவறி வந்ததா? மடையா, அது தடுமாற்றம் இல்லை. வெளியாள் காது இருக்கிற இடத்தில் கலங்கரை விளக்கு. படகில் நாம் மட்டும் இருக்கும்போது தேவாலயக் கூரை. பாட்டு சொல்கிற வழியில் விளக்கை வெள்ளைப் பாறைக்கு நேர் வைத்துப் படகை ஓட்டுகிறவன் கூட்டில் மணலும் பாசியும்தான் ஏறும். கூரை முனையை வெள்ளைப் பாறைக்கு நேர் வைத்து, கருந்திட்டுப் பாறை கரடுமலையின் தோளில் ஏறினாற்போலத் தெரியும் இடத்தில் கூட்டை இறக்கினால், அடியில் நம் பார். சிங்கி இறால் குடியிருக்கும் பாறை. நாலு வீட்டு அடுப்பு அந்த ஒரு வார்த்தையில் எரிகிறது. அதை நீ அச்சடித்து, யாருக்காவது புரியாமல் போய்விடுமோ என்று இங்கிலீஷிலும் போட்டிருக்கிறாய்.

நான் கடையில் போடவில்லை. ஃபெஸ்டி மட்டும் கேட்டார். "அப்பா பாட்டுக்கு அடியில பிடிலு எதுக்கு? பிணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் புத்தகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் சொன்னதை எழுதினால் பங்குச் சாமியாரிடம் நான் பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டிவரும்.

இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷமே விற்பதை நிறுத்து.

நாப்லா


டப்ளின்
8 ஏப்ரல்

அக்கா,

"அன்பு" என்ற ஒரு சொல் எழுதக்கூட உனக்கு மனம் வரவில்லை. சரி.

போட்டது மொத்தம் ஐந்நூறு. வாங்குகிறவர்கள் வாத்தியார்கள், வானொலிக்காரர்கள், அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள். மீன் பிடிக்கிறவன் எவனும் கேசட் வாங்கிப் பாட்டுப் புத்தகம் படிக்கப்போவதில்லை. நீ வீணாகப் பயப்படுகிறாய், என்னையும் திட்டுகிறாய்.

நானும் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். படகில் வாந்தி எடுத்தவன் என்று சின்ன வயதிலிருந்து என்னை நீங்கள் யாரும் ஒரு ஆளாகவே மதித்ததில்லை. அப்பா இறந்தபோது அந்தப் பதினாலு பாட்டும் முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். உனக்கு ஆறு தெரியும். ஃபெஸ்டி அத்தானுக்குச் சுருதியே கிடையாது. நான் எடுத்து வைக்காவிட்டால் எல்லாம் கல்லறைக்குள் போயிருக்கும். பத்து வருஷம் உழைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை, நல்லா பாடியிருக்கிறாய் என்று எழுதக் கூடாதா?

நிறுத்த மாட்டேன்.

கோல்மன்


இனிஷ்கரா
6 ஜூன்

கோல்மனுக்கு,

நல்லா பாடியிருக்கிறாய். கேட்டாயே, எழுதிவிட்டேன். எங்கே வைத்துக் கேட்டேன் என்பதையும் தெரிந்துகொள்.

மே மாதம் இரண்டாம் வாரம் எதிர்க்கரைத் துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய படகு வந்தது. ஐந்நூறு கூடு ஏற்றிவந்திருந்தது. நம் நாலு படகும் சேர்ந்தால்கூட அவ்வளவு இல்லை. அது அங்கும் இங்கும் தேடவில்லை, நேரே போய் நம் பார் மேலே நின்றது. ஃபெஸ்டியும் நானும் பக்கத்தில் படகை ஓட்டிப் போனோம்.

"இந்த இடத்த உங்களுக்கு யாருய்யா காட்டிக் கொடுத்தது?" என்று ஃபெஸ்டி கத்தினார்.

மேலே நின்றவன் சிரித்தான். "யாரும் காட்டலண்ணே. ராகம் போட்டுல்ல சொல்லியிருக்காங்க! கேளுங்க" என்று உள்ளே போய்ச் சத்தத்தைக் கூட்டினான். சுக்கான் அறையிலிருந்து உன் குரல் கடல் மேலே வந்தது. தேவாலயக் கூரை என்று எவ்வளவு தெளிவாக உச்சரித்திருக்கிறாய்!

"உங்க மச்சினன்தானே பாடுறது? நல்ல தொண்டை. நாங்க நன்றி சொன்னோம்னு சொல்லுங்க" என்றான்.

ஃபெஸ்டி கத்தியை எடுத்து அவன் கூட்டுக் கயிற்றை அறுக்கப் போனார். நான்தான் அவர் கையைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று வாரம் நின்றார்கள். முட்டை சுமக்கும் பெட்டை கூட்டில் ஏறினால் நாம் முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்பக் கடலில் விடுவோமே, அதையும் முட்டையைச் சுரண்டிவிட்டுப் பெட்டியில் போட்டார்கள். நேற்று நாங்கள் நாற்பது கூடு இழுத்தோம். இரண்டு நண்டு, ஒரு விலாங்கு.

மீன் பிடிக்கிறவன் கேசட் வாங்க மாட்டானா? முட்டாளே, பதினாறு மணி நேரம் கடலில் நிற்கிறவனுக்கு வேறு என்ன துணை? வாத்தியார்கள் உன் கேசட்டை அலமாரியில் வைத்திருப்பார்கள். நாள் முழுக்கக் கேட்கிறவன் அவன்தான்.

பத்து வருஷம் உழைத்து எங்கள் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டாய். கை தட்டுகிறேன்.

நாப்லா


டப்ளின்
15 ஜூன்

அன்பு அக்கா,

விற்பதை நிறுத்திவிட்டேன். மிச்சமிருந்த தொண்ணூறும் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. இது உனக்கு எதற்கும் உதவாது என்று தெரியும்.

பொய்யோடு இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்குத் தெரியும், அக்கா. நான் தீவை விட்டுக் கிளம்பிய அன்று அப்பா என்னைப் படகுத்துறையில் தனியாக நிறுத்தி, "கடையில பாடுறது வேற, கடல்ல பாடுறது வேறடா. எங்க போனாலும் இத மறந்துடாத" என்றார். மறக்கவில்லை. தடுமாற்றம் என்று உனக்கு எழுதியபோதும் தெரிந்துதான் எழுதினேன்.

இங்கே என்னைவிட நன்றாகப் பாடுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர். அவர்கள் யாரிடமும் இல்லாதது என்னிடம் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. அந்தப் பேராசிரியர் என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று அதைக் கொடுத்துவிட்டேன். இவ்வளவுதான் நடந்தது. வெட்கமாக இருக்கிறது.

என்னைத் திட்டி எழுது. கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா?

கோல்மன்


டப்ளின்
20 செப்டம்பர்

அக்கா,

மூன்று மாதமாகிறது. திட்டியாவது ஒரு வரி எழுது. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

கோல்மன்


இனிஷ்கரா
4 நவம்பர்

கோல்மனுக்கு,

தெரியாமல் செய்தாய் என்று நினைத்துத்தான் அவ்வளவு ஏசினேன். தெரிந்தே செய்தேன் என்று நீ எழுதியதைப் படித்தபின் ஏச வாய் வரவில்லை. கடிதத்தை ஃபெஸ்டியிடம் காட்டவில்லை. காட்டினால் நீ சாகும்வரை இந்தக் கரையில் கால் வைக்க முடியாது.

ஃபெஸ்டி ஜூலையில் இங்கிலாந்துக்குச் சுரங்க வேலைக்குப் பெட்டி கட்டினார். நான் பெட்டியைப் பிரித்தேன். மறுபடி கட்டினார், மறுபடி பிரித்தேன். ஆகஸ்ட் முழுக்க இரண்டு பேரும் ஈயக்குண்டின் அடியில் சோப்புக்கட்டியைத் தடவிக் கயிற்றில் இறக்கி இறக்கிக் கடலடியைத் தடவினோம். மணல் ஒட்டினால் நகர வேண்டும். ஒன்றும் ஒட்டாமல் வெறும் வடு மட்டும் விழுந்தால் பாறை. இருபத்தாறு நாள் மணல். இருபத்தேழாம் நாள் வடு விழுந்தது. ஃபெஸ்டி படகிலேயே உட்கார்ந்து அழுதார். பெரிய பார் இல்லை. ஆனால் அவர் இந்த வருஷம் இங்கிலாந்து போகவில்லை.

அதற்கு ஒரு பாட்டும் கட்டியாயிற்று. சுருதி இல்லாத மனிதர் பாதி கட்டினார், நான் பாதி. வெளியில் பாட ஒரு வார்த்தை, கடலில் பாட ஒரு வார்த்தை. நாலு வீட்டுக்கும் தெரியும். நன்றாக வந்திருக்கிறது, உனக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு வா. நீ இந்த வீட்டுப் பிள்ளை, கதவைச் சாத்த என்னால் முடியாது. உன் கட்டில் இருக்கிறது. வழக்கம்போல் உப்புப் போட்ட மீனும் உருளைக்கிழங்கும் இருக்கும். ஃபெஸ்டி உன்னோடு பேச மாட்டார், ஆனால் தட்டில் போடுவதைத் தடுக்கவும் மாட்டார்.

ஒன்று மட்டும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன், வந்து நின்று ஏமாறாதே. நாலு வீடும் சேர்ந்து பேசி முடிவு எடுத்துவிட்டோம். நீ கரையில் இருக்கும்வரை கடையிலோ நம் அடுப்படியிலோ ஒருவரும் பாட மாட்டார்கள். அன்றைய ராத்திரிப் பூசையிலும் சாமியார் மட்டும்தான் பாடுவார். நீ ஏறின படகு முனையைத் தாண்டியபிறகுதான் நாங்கள் வாயைத் திறப்போம்.

படகு புதனும் சனியும் வரும். எந்த நாள் என்று எழுது.

நாப்லா