கரையில் நின்று கூப்பிட்டால்

மே 4

சிட்டுவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கேயும் நலம்தான் என்பது உங்கள் கடிதத்தின் குதூகலத்திலேயே தெரிகிறது. போனில் பேசினால் சண்டை வருகிறது, இனி எழுதிக்கொள்வோம் என்று நாம் முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. உங்கள் திட்டத்தைப் படித்ததும் எனக்கு வாயில் வந்ததை நீங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஏரிக்கு நடுவில் தீவு. அதில் டென்ட். காட்டுக்குள் நடை, அது போதாதென்று குளியல் வேறு. பிரிந்த பிறகு முதன்முதலாகப் பிள்ளையைத் தனியாக அழைத்துப் போகிறவர் மிருகக்காட்சி சாலையில் ஆரம்பிக்கக் கூடாதா? நான் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பவள். ஏரித் தண்ணீர் எனக்குத் தண்ணீராகத் தெரியாது.

ஆனால் என் பயம் கிருமியைப் பற்றியது அல்ல, அது உங்களுக்கும் தெரியும். போன வருடம் நீச்சல் குளத்தில் நீங்கள் போனில் பேசிக்கொண்டு நின்றபோது சிட்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் முழுகினாள். யாரோ ஒரு பெண் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். நீங்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, "அதான் ஒன்னும் ஆகலையே" என்றீர்கள். குளத்தை நான் மன்னித்திருப்பேன். அந்த வார்த்தையோடுதான் ஒரே வீட்டில் இருக்க முடியாமல் போயிற்று.

ஆனாலும் அவள் உங்களைக் கேட்டு நச்சரிக்கிறாள். விழுந்த பல்லை அப்பாவிடம் காட்ட வேண்டுமாம். கூட்டிப் போங்கள். நடக்கும்போது உங்கள் வழக்கப்படி விறுவிறுவென்று முன்னால் போய்விடாதீர்கள். அவள் முன்னால், நீங்கள் பின்னால். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. இழுப்பு மருந்து பையின் வெளி ஜிப்பில் இருக்கும்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா

மே 9

சிட்டு அம்மாவுக்கு,

உன் நிபந்தனைகள் எல்லாம் சம்மதம். ஊரே நான் ஆய்வு செய்து கையெழுத்துப் போட்ட லிஃப்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் வருகிறது. வீட்டில்தான் எனக்கு இன்னும் தகுதிச் சான்று கிடைக்கவில்லை.

தீவுக்குக் காலையிலும் மாலையிலும் படகு உண்டு. வனக் காவலர் ஒருவர் அங்கேயே தங்கியிருக்கிறார். குளிக்கிற இடத்தில் இடுப்பளவுக்கு மேல் ஆழம் போகாதபடி கயிறு கட்டியிருக்கிறார்கள்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. நீச்சல் குளத்தில் அன்றைக்கு எனக்கும் நீச்சல் தெரியாது. பார்த்திருந்தால்கூடக் குதித்திருப்பேனா என்று தெரியவில்லை. வீட்டை விட்டு வந்த மாதமே வகுப்பில் சேர்ந்தேன். என்னோடு கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் நண்டு சிண்டுகள். என்னை "லிஃப்ட் அங்கிள்" என்று கூப்பிட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். இப்போது நன்றாகவே நீந்துகிறேன்.

சனிக்கிழமை காலை வாசலில் நிற்பேன். மேலே வரமாட்டேன்.

அன்புடன்,
சிட்டு அப்பா

மே 21

சிட்டு அம்மாவுக்கு,

குழந்தையை உன் கையில் ஒப்படைத்தபோது சொல்லியிருக்க வேண்டும். அவள் முன்னால் வைத்துச் சொல்ல முடியவில்லை.

முதல் நாள் நன்றாகவே போயிற்று. டென்ட் இரண்டு தடவை எங்கள் தலையிலேயே சரிந்தது, சிட்டு சிரித்துச் சிரித்து இழுப்பு வந்துவிடுமோ என்று பயந்தேன். மறுநாள் தீவைச் சுற்றி நடந்தோம். நீ சொன்னபடி அவள் முன்னால், நான் பின்னால். ஏரியை ஒட்டிய ஒரு வளைவில் துள்ளி ஓடினாள். நானும் அந்த வளைவைத் தாண்டியபோது பாதையில் அவள் இல்லை.

கூப்பிட்டேன். பதில் இல்லை. கீழே தண்ணீர். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இறங்கிவிட்டேன். முழுகித் தேடுவேன், மேலே வந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்துவேன், மறுபடி முழுகுவேன். வனக் காவலர் ஓடி வந்தார். பக்கத்து டென்ட் குடும்பம் வந்தது. அவர்களும் கரையில் நின்று கூப்பிட்டார்கள். கடைசியில் காவலர்தான் பாதைக்கு மேலே ஒரு பாறை இடுக்கில் அவளைப் பார்த்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் நான் நின்ற இடம் நேராகத் தெரிகிறது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஏன்டா வரலை என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அம்மாதான் சொன்னாங்க. அப்பா தண்ணிகிட்ட நின்னு கூப்பிட்டா போகவே கூடாதுன்னு. நீ தண்ணிலதானப்பா நின்னே."

என்னை நம்பாமல் இருப்பது உன் உரிமை. அதற்குக் காரணமும் கொடுத்தவன் நான். ஆனால் அதை ஆறு வயதுக் குழந்தைக்கு ஊட்டிவிட்டாயே. திரும்பி வருகிற வரைக்கும் நான் கூப்பிட்டபோதெல்லாம் முதலில் என் காலைப் பார்த்தாள். நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

கொஞ்ச நாளைக்கு நான் வரவில்லை.

சிட்டு அப்பா

மே 25

சிட்டு அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. வளைவில் ஏன் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்று உங்களைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

சொன்னேன். ஷூவுக்கு முடிச்சுப் போடும்போது, நீங்கள் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. குழந்தை தொலைந்தால் நீங்கள் வேறு எங்கே போய் நின்று தேடுவீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று சிட்டுவை மடியில் உட்கார வைத்து, அம்மா சொன்னது தப்பு, அப்பா கூப்பிட்டால் போகலாம் என்றேன். அவள் யோசித்தாள். "அப்ப அன்னைக்குப் போயிருக்கணுமா? அப்பா அழுதது என்னாலயா?" என்று கேட்டாள். இல்லை, என்னால்தான் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. தூக்கத்தில் உதறுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மேலேயே வாருங்கள்.

சிட்டு அம்மா

ஜூன் 14

என் அன்புக்குரியவருக்கு,

மூன்று ஞாயிறு போய்விட்டது. கடிதமும் இல்லை. போனை எடுத்து உங்கள் எண்ணைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். பேசினால் மறுபடி ஏதாவது கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

சிட்டுவுக்கு ஒரு புதுப் பழக்கம். நான் சாப்பிடக் கூப்பிட்டாலும் கதவோரம் நின்று, நான் எங்கே நிற்கிறேன் என்று பார்க்கிறாள். உங்களைப் பற்றி நான் சொன்னது எனக்கும் சேர்த்து ஒட்டிக்கொண்டுவிட்டது. பள்ளி ஆசிரியை கூப்பிட்டாலும் உடனே எழுந்து போவதில்லையாம். காது கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். காதுக்கு ஒன்றும் இல்லை என்று நான் எப்படி விளக்குவது?

வாயால் சொன்னதை வாயால் அழிக்க முடியவில்லை. அதனால் அடுத்த சனிக்கிழமைக்கு அதே தீவில் இடம் கேட்டு எழுதினேன், கிடைத்துவிட்டது. டென்ட் ஒன்றும் வாங்கினேன். கடைக்காரர் விரித்துக் காட்டியதை வீட்டில் என்னால் மடிக்கக்கூட முடியவில்லை, கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. சிட்டு அதற்குள் புத்தகம் படிக்கிறாள். மறுபடி தீவுக்குப் போகிறோம் என்றேன். அப்பா வருவாரா என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். பொய் சொல்லவில்லை.

அவளைக் கரையில் உட்கார வைத்துவிட்டு நான் தண்ணீரில் இறங்கப்போகிறேன். கயிறு கட்டிய இடத்தில் நின்று, வா என்று கூப்பிடுவேன். அவள் வரும்வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் முழுக்க ஆனாலும் சரி. பிறகு அவள் அதை உங்கள் குரலிலும் கேட்க வேண்டும், அதுவும் தண்ணீருக்குள்ளிருந்து.

எனக்கு நீச்சல் தெரியாது. எத்தனை அடி வைத்தால் ஆழம் என்று தெரிந்த ஒருவர் என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

காலைப் படகில் வருகிறோம்.

உங்கள்,
நான்