எழுநூறு அடி முதுகுவலி

ஏனுங்க,

ஈரோட்டுக்குக் கிளம்பிவிட்டேன். பொழுது சாய வந்துவிடுவேன். தட்டப்பயறுக் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது.

முதுகுவலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று டாக்டரம்மா கேட்டதற்கு, முப்பது வருடம் ரிக் வண்டியில் போர்வெல் போட்ட பழக்கத்தில் "எழுநூறு அடிங்க" என்றீர்கள். அந்தம்மாவும் சீட்டில் அப்படியே எழுதிவிட்டார். இனி அதுதான் அளவு. எழுநூறுக்குள் இருந்தால் வெந்நீர் ஒத்தடம். தாண்டினால், சாப்பிட்டபின் ஒரே ஒரு மாத்திரை.

மாத்திரை டப்பா பக்கத்து வீட்டுப் பாவாயி அக்காவிடம் இருக்கிறது. நேற்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் மூன்று மாத்திரையைக் காணோம், அதனால்தான். அக்காவிடம் போய் ஆயிரத்து இருநூறு என்று அளந்துவிடாதீர்கள். அவர் வீட்டுக்காரரும் ரிக் வண்டிக்காரர்தான். அத்தனை ஆழத்துக்கு இறக்க உங்கள் வண்டியில் பைப்பே இருந்ததில்லை என்று அக்காவுக்குத் தெரியும்.

நிஜமாகவே ஆயிரத்தைத் தாண்டினால் எனக்குப் போன் செய்யுங்கள். பஸ் எங்கே நின்றாலும் இறங்கித் திரும்பி வாரேன்.

ஜோதி

ஒன்று மறந்துவிட்டேன். ஒத்தடப் பையை எடுத்த இடத்திலேயே வையுங்கள். என் முழங்கால் நாலு நாளாக அறுநூற்றைம்பதில் நிற்கிறது. நீங்கள் கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன்.