நாளை ரிவியூ

என்னங்க,

குழந்தைக்குச் சளி விட்டுவிட்டது. நேற்று முழுக்க உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் நடந்தாள்.

நாளைக் காலை என் பிஎச்.டி. ஆய்வுக்கு ரிவியூ. கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் குரல் எவ்வளவு கேட்கிறது என்று மேலும் இரண்டு பள்ளிகளில் அளந்து முடித்துவிட்டேன். போன தடவை கமிட்டி முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றேனே, மறுபடி அப்படி ஆகக் கூடாது என்று உங்கள் அம்மாவைப் பிடித்து எதிரே உட்கார வைத்தேன். இன்றைக்கு அத்தைதான் கமிட்டி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரைபடம் விடாமல் பார்த்தார்.

கடைசியில், "எல்லாம் சரிம்மா. இதை எப்போ முடிப்பே?" என்றார்.

நீங்கள் போனில் கேட்கும் அதே கேள்வி. உங்களிடம் மழுப்பிவிடுவேன். அவரிடம் முடியவில்லை.

"இன்னும் ஒரு வருஷம் ஆகும் அத்தை. பாதியில விட மாட்டேன்."

அத்தை கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "அப்போ இந்தக் குட்டி பின்னால நானும் இன்னொரு வருஷம் ஓடணும். சரி, ஓடறேன். அவன்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம், நானே சொல்றேன்" என்றேன்.

அதற்குத்தான் இந்த மெயில். நாங்கள் அங்கே குடிவர நீங்கள் போட்ட டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். பார்த்து வைத்த வீட்டை விட்டுவிடாதீர்கள். ஜன்னல் பெரிதாக இருக்கிறது என்றீர்களே, ஒரு வருஷம் நீங்களே திறந்து மூடிக்கொண்டிருங்கள்.

திட்டுவதாக இருந்தால் நாளை சாயங்காலம் போன் பண்ணுங்கள். காலையில் நான் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி