கடைசி மாதம் வரை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் தங்கை இருக்கிறாள்.

இருபது மாத ஏலச்சீட்டு, ஒரு லட்சம், அதை எட்டாவது மாதமே முப்பதாயிரம் தள்ளி எடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொண்டீர்கள். பொறுத்திருந்தால் முழுசாக வந்திருக்குமே என்றீர்கள். எங்கள் தையல் கம்பெனியில் எல்லோருக்கும் அதே எண்ணம்தான். முதலில் எடுப்பவளுக்கு நஷ்டம், கடைசியில் எடுப்பவள் கெட்டிக்காரி. நான் தள்ளியதை எல்லோருக்கும் பிரித்தார்கள். "அண்ணி, உங்க புண்ணியத்துல எனக்குப் புதுச் செருப்பு" என்று சிரித்தாள் உங்கள் தங்கை. அவள் இருபதாவது மாதத்துக்குக் காத்திருக்கிறாள். மகளை நர்சிங் சேர்க்க.

சீட்டு நடத்தும், துணி வெட்டும் கட்டிங் பிரிவு அக்காவின் நோட்டை ஒரு டீ நேரத்தில் பார்த்தேன். எனக்கு முன்னால் எடுத்தவர்கள் ஏழு பேர். அதில் மூன்று பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். ஆனால் அவர்கள் பேருக்கு நேரேயும் மாதாமாதம் டிக். கேட்டேன். "அவளுகளுக்கும் நான்தான்மா போட்டுக் கட்டறேன். பேரு கெடக்கூடாதுல்ல" என்றார். அதற்காகவே புதுச் சீட்டு ஒன்று பிடித்திருக்கிறார். எத்தனை மாதம் தாங்கும் என்று பஸ்ஸில் விரல்விட்டு எண்ணினேன். இருபது வரை போகவில்லை. அடுத்த ஏலத்தில் எடுத்துவிட்டேன்.

அவர் திருடி இல்லை. அதுதான் பயம்.

உங்கள் தங்கையிடம் சொல்லிப் பார்த்தேன். "எடுத்தவங்க இப்படித்தான் பேசுவாங்க" என்றாள். மற்ற பதினொரு பேரிடம் சொன்னால் எல்லோரும் கட்டுவதை நிறுத்துவார்கள், சீட்டு அன்றே உடையும். சொல்லாமல் இருக்கிறேன். சாப்பாடு இறங்குகிறது. தூக்கமும் வருகிறது. அது வேறு உறுத்துகிறது. என் தவணையைத் தவறாமல் கட்டிவருகிறேன்.

ஒன்று செய்யுங்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஏலம். அதற்கு முன் உங்கள் தங்கையைப் போனில் கூப்பிட்டு, உங்களுக்கு அவசரமாகப் பணம் வேண்டும் என்று சொல்லுங்கள். தனக்காக ஆயிரம்கூடத் தள்ளமாட்டாள். அண்ணனுக்கு என்றால் கணக்கே பார்க்கமாட்டாள். பணம் வந்ததும் அவள் மகள் பேரில் பாங்கில் போட்டுவிடலாம். திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்றும் நன்றாக இருங்கள். அந்த ஒரு நாள் மட்டும், நன்றாக இல்லாதது போலப் பேசுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி