லிஃப்ட் குழிக்குப் பக்கத்தில் ஒரு படிக்கட்டு

மார்ச் 4, செவ்வாய்

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கால் வெளுத்துப்போய், யாரோ இரவல் கொடுத்ததுபோல் கிடக்கிறது. எலும்பு சேர்ந்துவிட்டதாம், அடுத்த மாதம் வேலைக்குப் போகலாமாம். சாயங்காலம் சூப்பர்வைசர் போன் செய்தார். "குழியில இறங்க மனசு வரலன்னா சொல்லுப்பா. ஸ்டோர்ல உக்கார வெக்கிறேன். மாசக் கடைசிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு."

நல்ல மனுஷன். அவர்மேல் கோபமில்லை. லிஃப்ட் மெக்கானிக்காகவே தலை நரைத்தவன் நான். ஏணிப்படி ஒன்று ஒடிந்து குழிக்குள் விழுந்ததற்காக ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக்கொடுப்பேனா? மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. என்மேல்தான் கோபம்.

மார்ச் 7, வெள்ளி

மனைவியின் தம்பி கணினியில் துப்பாக்கி விளையாட்டு ஒன்றைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனான். ஊர் உலகமெல்லாம் ஆடுகிறதாம். "ஆன்லைன்ல ஆடுங்க அத்தான், பொழுது போறதே தெரியாது."

நான் லிஃப்ட் கதவைத் திறந்தால் உள்ளே பெட்டி வந்து நிற்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் காலை வைப்பேன். தொழில் பழக்கம், ஆட்டத்திலும் எந்தக் கதவானாலும் அப்படித்தான். குனிவதற்குள் முதுகில் சுட்டுவிடுகிறார்கள். எவனோ ஒருவன் மைக்கில், "அங்கிள், வாடகைக்கு வீடு பாக்க வந்தீங்களா?" என்றான். சமையலறையில் இவள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.

மார்ச் 9, ஞாயிறு

மச்சானே வேறு வழியும் சொன்னான். தனியாக ஆடுவதற்கென்றே ரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்து புதுக் கட்டடம், புதுக் கதை எல்லாம் செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். மோட் என்று பேர். நம் வேகத்துக்கு ஆடலாம், யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.

ஆனால் குப்பையும் கொட்டிக்கிடக்கிறது. ஒன்றில் ஒரே இருட்டு. இன்னொன்றைத் தப்பான ஃபோல்டரில் போட்டுத் தொலைத்தேன், எதிரிகள் எல்லாரும் கதவாக மாறிவிட்டார்கள். ஏழெட்டுக் கதவுகள் சேர்ந்து என்னைச் சுட்டன.

மார்ச் 13, வியாழன்

நல்லதைப் பொறுக்கும் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. கீழே கமெண்டில் எல்லாரும் "சூப்பர், சூப்பர்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஓடிவிட வேண்டும். "மூணாவது ரூம்ல ஜன்னல் தொறக்கல" என்று ஒருவன் குறைபட்டிருந்தால், அவன் அதுவரை ஆடியிருக்கிறான் என்று அர்த்தம்.

அப்படிக் கிடைத்ததுதான் இந்த மூடிய ஆஸ்பத்திரி. சுவரில் எழுதியிருப்பதெல்லாம் தமிழ். "இங்கே எச்சில் துப்பாதீர்" என்ற பலகைக்கு அடியில் நின்று சுட்டுக்கொண்டிருந்தேன். செய்த புண்ணியவதி பகலில் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவளாம். எத்தனை ராத்திரி விழித்தாளோ. மகராசி.

மார்ச் 16, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நடுவில் நின்றுவிடுகிறது. மேல் மூடியைத் திறந்து வெளியே வந்து, சுவரோடு இருக்கும் ஏணியைப் பிடித்துக் குழிவரை இறங்க வேண்டும்.

முடியல. படம்தானே, வெறும் படம்தானே. கை ஏன் இப்படி வேர்க்குது? மவுஸ் வழுக்குது. கணினியை அணைத்துவிட்டேன். இவள் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சலா?" ஆமாம் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

ஸ்டோர் வேலைதான் சரியோ.

மார்ச் 18, செவ்வாய்

எக்ஸ்ரே அம்மாவுக்கு எழுதினேன். அந்த லிஃப்டைத் தாண்டிப் போக வேறு வழி உண்டா என்று மட்டும் கேட்கத்தான் நினைத்தேன். கை நிற்கவில்லை, விழுந்த கதை முழுக்க வந்துவிட்டது. கடைசியில் தொழில் புத்தி வேறு: குழியில் இறங்குமுன் சிவப்பு ஸ்விட்சை அழுத்தி லிஃப்டை நிறுத்துவோம், உங்கள் குழியில் அந்த ஸ்விட்ச் இல்லை, எங்கள் ஆட்கள் யாரும் அதில் இறங்க மாட்டார்கள் என்று. இலவசமாகக் கொடுத்தவளிடம் குறை வேறு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதைதான்.

மார்ச் 22, சனி

பதில் வந்தது. "அண்ணா, படிக்கட்டு வெச்சிருக்கேன். அதுல போங்க, கதை ஒண்ணும் கெடாது. ஸ்விட்சும் வெச்சிட்டேன். அது எனக்குத் தெரியாம போச்சே."

முகம் தெரியாத ஒருத்தி எனக்காக ஒரு கட்டடத்தை இடித்துப் படிக்கட்டு கட்டியிருக்கிறாள். அழுதேன். ஆமாம், அழுதேன், அதற்கென்ன?

மார்ச் 24, திங்கள்

படிக்கட்டு வழியாக இறங்கி ஆட்டத்தை முடித்தேன். இவளிடம் காய்ச்சல் இல்லை, பயம் என்று சொன்னேன். "அது எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். "ஸ்டோருக்குப் போனாலும் நீங்க நீங்கதாங்க. போகலன்னாலும் சரி. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க, அது போதும்." இப்படி ஒருத்தி வாய்க்க நான் என்ன செய்தேனோ.

மார்ச் 28, வெள்ளி

மறுபடி முதலிலிருந்து ஆடினேன். இந்தமுறை படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. சிவப்பு ஸ்விட்ச் இருக்க வேண்டிய உயரத்திலேயே இருந்தது. அழுத்தினேன். ஒரு படி இறங்கி நின்றேன். எவனும் சுடவில்லை, எவனும் அவசரப்படுத்தவில்லை. இன்னொரு படி. இவள் பின்னால் நின்று என் தோளைப் பிடித்திருந்தாள், எனக்குத் தெரியவே இல்லை. அடியில் போய் நின்றதும் "வந்தாச்சா?" என்று கேட்டாள்.

மார்ச் 29, சனி

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். ஸ்டோர் வேண்டாம்.

ஏப்ரல் 7, திங்கள்

முதல் நாள். பெரிதாகச் சொன்னேனே, குழி வாசலில் கால் எழவில்லை. இது படம் இல்லையே. கூட வேலை செய்பவன் தானே இறங்கி, என் கருவிகளையும் வாங்கிக்கொண்டு வேலையை முடித்தான். டீ வாங்கிக் கொடுத்தான். "நாளைக்குப் பாத்துக்கலாம்ணே." நான் மேலேயே நின்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

பழைய ஆபீஸ் கட்டடம். குழியில் தண்ணீர் கட்டியிருந்தது. ஸ்விட்சை அழுத்தி, சரிபார்த்து, ஏணியை ஒருமுறை ஆட்டிப் பார்த்து இறங்கினேன். தண்ணீரை இறைத்தோம். முழங்கால் வலிக்கிறது.

மதியம் எக்ஸ்ரே அம்மாவுக்கு ஒரு செய்தி எழுதினேன். 'எனக்கு இனி படிக்கட்டு வேண்டாம்மா. ஆனா எடுத்துடாதீங்க. வேற யாருக்காவது வேண்டியிருக்கும்.' குழிக்குள் உட்கார்ந்தே எழுதினேன். உள்ளே சிக்னல் கிடையாது, மேலே ஏறி வந்த பிறகுதான் போயிற்று.