முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்

அன்பு மகன் ராய்ஸுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அந்த அனல் ஊரில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவரை வேண்டிக்கொண்டேதான் பேனாவை எடுக்கிறேன். இங்கே முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்குச் சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருக்கிறது, மற்றதைப் பிறகு எழுதுகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் கடிதமா, அம்மாவுக்கு வேறு வேலை இல்லையா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், ஆனால் நடுவில் வைத்துவிட்டுப் போகாமல் கடைசிவரை படி. ஃபோனில் சொல்லாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஊரில் எங்கே போனாலும் உன் பேச்சுதான். கோயில் திருவிழாவுக்காக நிலவறைச் சமையற்கூடத்தில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பிரோகி பிடித்துக்கொண்டிருக்கிறோம், மாவுக்குள் உருளைக்கிழங்கை வைத்து ஓரத்தை மடிக்கிறவரைக்கும் கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்குமா. அடுத்த செவ்வாய்க்கிழமை உன் ஃபுட்பால் அணிப் பட்டியலை இறுதி செய்கிறார்கள், ராய்ஸைப் பந்தை எறியும் குவாட்டர்பேக்குகளில் மூன்றாவது ஆளாகவாவது வைத்துக்கொள்வார்களா, இல்லை அனுப்பிவிடுவார்களா என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டு பெர்னிஸ், எறியத் தெரியாதவனெல்லாம் பெஞ்சில குந்திக்கிட்டிருக்கான், நம்ம புள்ளைக்கா இடமில்லங்கிறானுங்க என்று மாவை அடித்த அடியில் என் கண்ணாடியெல்லாம் வெள்ளை. முடிவெட்டும் ஸ்டான் வேறு கட்சி. அப்பாவைக் கூட்டிக்கொண்டு அவன் கடைக்குப் போனபோது, அவன் கை பலம் போகல இரீன், ஆனா போன அக்டோபர்ல தலையில வாங்கின அடிக்கப்புறம் அவன் மைதானத்துல நின்னதே இல்ல, அதே எடத்துக்கு நிக்கிற சின்னப் பையன் ட்ரெவான் ஓடுறான், எறியுறான், ஒரு இடத்த எதுக்கு வீணடிக்கணும் என்றான். நான் விடவில்லை. நீ இந்தக் கத்திரிக்கோலப் பிடிச்சு எத்தன வருஷம் ஆச்சு, உன் எடத்த ஒரு சின்னப் பையனுக்குக் கொடுன்னு நான் கேட்டேனா என்று கேட்டுவிட்டேன். கடையே சிரித்தது. ஸ்டானும் சிரித்தான், ஆனால் அப்பாவின் தலையைத் தொட்டு முடியைச் சீவிவிடும்போது அவன் முகம் மாறிப்போனதைக் கண்ணாடியில் பார்த்தேன். அவனும் அப்பாவோடு ஒரே அணியில் ஆடியவன் அல்லவா.

அப்பாவைப் பற்றி உனக்கு நான் முழுசாகச் சொல்லவில்லை. மறதி கொஞ்சம் கூடியிருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன், நீ அடிபட்டுக் கிடக்கும்போது இதையும் உன் தலையில் போடுவானேன் என்று. பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலப் பயிற்சி தொடங்கிவிட்டது. மேட்டிலிருந்து விசில் சத்தம் வந்தால் அப்பா செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டுக் குனிந்துவிடுகிறார். கையில் ரொட்டி இருந்தால் ரொட்டி, தலையணை இருந்தால் தலையணை, அதைத் தரையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் சென்டராகப் பந்தைக் கால்களுக்கு நடுவே குவாட்டர்பேக் கையில் கொடுக்கக் குனிந்து நின்றாரே, அதே நிலை. பந்தைக் கொடு என்று பின்னாலிருந்து குவாட்டர்பேக்கின் குரல் வருவதற்குக் காத்திருக்கிறார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. கால் நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நிமிர மாட்டார். முதல் தடவை நான் கையைப் பிடித்து இழுத்தேன், உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் யாருமே இல்லை. பிறகுதான் எனக்குப் புரிந்தது. இப்போது நானே அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறேன், குவாட்டர்பேக் கூவுவதுபோல செட் என்கிறேன், ஹட் என்கிறேன். ரொட்டி என் கைக்கு வந்துவிடுகிறது. அவர் நிமிர்ந்து, காபி இருக்கா என்று கேட்கிறார். நன்றாகச் சிரிக்கவும் செய்கிறார். அந்தச் சமையலறையில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான் என்றாலும், ராய்ஸ், சாயங்காலம் ஆனால் எனக்கு அங்கே தனியாக இருப்பதாகத் தோன்றுவதில்லை. எதிரே ஒரு கூட்டம் பாயத் தயாராக நிற்கிறது, அவருக்குத் தெரிகிறது, எனக்குத்தான் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

நேற்றைய பேச்சுக்கு வருகிறேன். நீ கூப்பிட்டபோது நான் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன், ஃபோனைச் சத்தமாக வைத்து மேசையில் சாய்த்திருந்தேன். அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். நீ கேட்டாய், அம்மா, நெஜமா சொல்லு, எனக்கு இன்னும் அந்த எடத்துக்குத் தகுதி இருக்கா என்று. இருக்குடா, இல்லாமலா இத்தன வருஷம் வச்சிருந்தாங்க என்றேன். நீ வெயிலைப் பற்றிப் பேசினாய், நாயின் காலில் முள் குத்தியதைச் சொன்னாய், அப்புறம், அம்மா, நெஜமா சொல்லு, எனக்கு இன்னும் அந்த எடத்துக்குத் தகுதி இருக்கா என்றாய். அதே சொல், அதே மூச்சு. விளையாடுகிறாய் என்று நினைத்து மறுபடி சொன்னேன். ட்ரெவான் நல்ல பையன், அவனுக்கு நீதான் எல்லாம் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னாய். நாயின் முள்ளை மறுபடி சொன்னாய். பிறகு மூன்றாவது தடவையும் கேட்டாய். கத்தி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கேள்வி வந்த விதம் எனக்குப் பழக்கமானது. தினமும் இந்த வீட்டில் காபியைப் பற்றி அப்படித்தான் கேட்கப்படுகிறது.

அப்போது அப்பா மேசையில் குனிந்து ஃபோனுக்குக் காது கொடுத்தார். குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை, மகனே, அதற்காக வருத்தப்படாதே. ஆனால் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "அந்தப் பையன உக்கார வைங்க, இரீன். எத்தனையாவது ஹட்டுல பந்தக் கொடுக்கணும்னு அவனுக்கே மறந்துபோச்சு. அவன நம்பித்தான் நான் குனிஞ்சு நிக்கணும்." என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. நீ அந்தப் பக்கம், என்னம்மா, அப்பா என்ன சொல்றார் என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒன்றுமில்லாமல் இல்லை.

மருத்துவர்கள் தேறிவிட்டாய் என்று சொல்லிவிட்டார்கள் என்று நீ சொல்வாய். எப்படித் தேறினாய் என்பது எனக்கும் தெரியும். ஈஸ்டர் விருந்தில் நீயே சொன்னாய். ஆட்டப் பருவம் தொடங்கும் முன்னால் தலை நன்றாக இருக்கும்போதே ஒரு ஞாபகப் பரீட்சை வைத்துக் குறித்துக்கொள்கிறார்கள், அடிபட்டால் அதே பரீட்சையை வைத்து ஒப்பிடுகிறார்கள், அதனால எல்லாருமே மொதல் பரீட்சைய வேணும்னே சொதப்பிருவோம்மா, அப்பத்தான் அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாது என்று. அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அப்போது ஏன் என்று தெரியவில்லை. இப்போது தெரிகிறது. உன்னை அவர்கள் உன்னோடு ஒப்பிடவே இல்லை. நீயே கெடுத்துக் கொடுத்த ஒருவனோடு ஒப்பிட்டு, சரியாக இருக்கிறாய் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் மருத்துவரிடம் போய், முதல் பரீட்சையை வேண்டுமென்றே தப்பாகச் செய்தேன் என்று சொல்லிவிடு. சொன்னால் பட்டியலில் உன் பெயர் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஸ்டான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்வான், சொல்லட்டும். பெர்னிஸ் என்னோடு பேசமாட்டாள், திருவிழா முடிந்ததும் தானே வருவாள். உன் கையைக் குறை சொல்ல ஒருவனுக்கும் வாய் இல்லை. ஆனால் உன் குரலுக்காகக் குனிந்து காத்திருக்கும் அந்தச் சென்டர் பையனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். உனக்கும் ஒருத்தி வருவாள். அவள் உன் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கும்படி ஆகக்கூடாது.

தண்ணீர் நிறையக் குடி. நாயின் காலை மறுபடி ஒருதரம் பார். அந்தோணியார் உனக்குத் துணையிருக்கட்டும், தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அவர்தான். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். படித்ததும் இங்கே அப்பாவுக்கு நான் ஒட்டிவைப்பதுபோல ஃபிரிஜ் கதவில் ஒட்டிவை. என்னை மறுபடி கேட்கக்கூடாது என்பதற்காக இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் கேள், எனக்குப் பழக்கம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சொன்ன பதிலைத் திரும்பச் சொல்லமாட்டேன். இனி எத்தனை தடவை கேட்டாலும், மருத்துவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வா என்றுதான் சொல்வேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா இரீன்

மேலே என் பெயருக்குப் பக்கத்தில் அப்பாவும் தன் பெயரை எழுத விரும்பினார். இரண்டு எழுத்தோடு நிறுத்திவிட்டார். அதை அப்படியே விட்டிருக்கிறேன்.